ஐந்தாம் மாடியில் காணாமல் போன நீராவிக் குழாய்

என் பெயர் வில்மர் கிஸ்பே. வயது 28. தகப்பனார் செகுண்டோ கிஸ்பே. விலாசம்: நியூயார்க், குயின்ஸ், ஜாக்சன் ஹைட்ஸ், ஃபேர்லி கோர்ட், கடைசி மாடி, 6-B. தொழில், நீராவிக் கொதிகலன் மெக்கானிக். அதற்குப் படித்து உரிமம் வைத்திருக்கிறேன். வக்கீல் வரும்வரை நான் பேசாமல் இருக்கலாம் என்று டிடெக்டிவ் டெலூகா வாசித்துக் காட்டினார். மறைக்க ஒன்றும் இல்லாததால் பேசுகிறேன். சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் எங்கும் "வருந்துகிறேன்" என்று சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

ஃபேர்லி கோர்ட் 1926இல் கட்டிய கூட்டுறவுக் கட்டடம். அங்கே யாருக்கும் வீடு சொந்தமில்லை. கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாங்கள் அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கி, அந்தப் பங்கின் பேரில் குடியிருக்கிறோம். தரைக்கடியிலும் சுவருக்குள்ளும் ஓடும் குழாய்கள் கம்பெனியுடையவை, அதாவது என்னுடையவையும்தான். இதை டிடெக்டிவுக்கு இரண்டு முறை விளக்கினேன். மூன்றாம் முறை விளக்க எனக்குப் பொறுமையில்லை.

அடித்தளக் கொதிகலனிலிருந்து, ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் B வீடுகளின் வரிசைக்கு ஒரே ஒரு குழாய் ஏறுகிறது. எல்லா மாடியிலும் படுக்கையறையின் அதே மூலையில் நின்று, இரண்டு அறைகளுக்கும் சூடு கொடுத்துவிட்டு மேலே போகும். பழைய காலத்துக் கணக்குப்படி போட்டதால் சூடு தேவைக்கு மேலேயே வரும். ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள்.

போன கோடையில் எனக்கு நேர் கீழே 5-B-யில் இருக்கும் மார்ட்டின் கெஸ்லர், விற்பனைக்காகத் தன் வீட்டைப் புதுப்பித்தார். அவர்தான் கட்டட நிர்வாகக் குழுவின் தலைவர். யார் வீட்டில் என்ன வேலை செய்தாலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். தன் வேலைக்கும் அவரே போட்டுக்கொண்டார். அதன் பிறகு குளிர் தொடங்கியபோது எங்கள் வீட்டுக்குச் சூடு வரவில்லை.

நவம்பரில் என் மனைவி நூபேவுக்கு மாதம் நிறையாமலே மகன் பிறந்தான். கிறிஸ்துமசுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அறை சூடாக இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன முதல் வார்த்தை. எலக்ட்ரிக் ஹீட்டர் போட்டால் பழைய வயரிங், ஃப்யூஸ் போகும். அதனால் நூபே தன் மேல்கோட்டுக்குள் பிள்ளையை வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

நான் அடித்தளத்தில் வால்வைப் பார்த்தேன். திறந்திருந்தது. அதன் பிறகு 4-B-யில் இருக்கும் டோன்யா அம்பாரோ என்ற பெரியம்மா வீட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக் குழாய்ல முட்டையே அவிக்கலாம். உனக்கு வரலியாப்பா?" என்றார். நாலாம் மாடியில் கொதிக்கிறது, ஆறாம் மாடியில் இல்லை என்றால் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. அவருக்கும் புரிந்தது. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சத்தம் மட்டும் போட்டுராதேப்பா. அந்த வீடு நல்ல விலைக்குப் போனாத்தான் எங்களுக்கும் விலை" என்றார்.

அதன் பிறகு கெஸ்லரிடம் போனேன். கதவைப் பாதி திறந்து வைத்துப் பேசினார். நாலாம் மாடிச் சூடே ஏறி வருவதால் அவருக்குக் குளிர் தெரியவில்லை.

"தம்பி, பழைய பில்டிங். காத்து அடைச்சிருக்கும். குழாயை நாலு தட்டு தட்டிப் பாரு."

"சார், தட்டுறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. உங்க வீட்டு மூலையைப் பார்க்கணும்."

"விற்பனை முடியட்டும். புதுசா வர்றவங்ககிட்டப் பேசிக்கோ."

புதிதாக வருகிறவர் இருந்ததை இருந்தபடியே வாங்கிக்கொண்டேன் என்பார். கெஸ்லர் அதற்குள் வீட்டை விற்றுவிட்டு வெயில் அடிக்கும் அரிசோனாவில் இருப்பார். குளிர்காலம் முடிந்துவிடும். பிள்ளை என்ன ஆவான் என்பதை யாரும் சொல்லவில்லை. நகராட்சியில் புகார் கொடுத்தேன். ஆய்வாளர் வந்த அன்று பிள்ளைக்குச் சளி கட்டி நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கதவு பூட்டியிருந்தது என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார். கெஸ்லர் வீட்டுக் குழாயை என்ன செய்தார்கள் என்று கட்டடப் பராமரிப்பாளர் பாஷ்கிமைக் கேட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். வேலையோடு சேர்த்துக் கொடுத்த அடித்தள வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு கெஸ்லர் வீட்டு விளம்பரம் வந்தது. ஞாயிறு மதியம் வீடு திறந்திருக்கும், அனைவரும் வரலாம் என்று போட்டிருந்தது. அத்துமீறி நுழைந்ததாக என் மேல் எழுதியிருக்கிறீர்கள். அனைவரும் என்பதில் நானும் உண்டு.

ஞாயிறன்று அடித்தளத்தில் எங்கள் வரிசை வால்வை மூடினேன். நீராவி யார் கையிலும் படக் கூடாது. அதன் பிறகு என் அறை உயரத்தை அளந்து முனைகளில் திருகு மரை போட்டு வைத்திருந்த இரண்டு துண்டுக் குழாய்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மாடி இறங்கினேன்.

"டெலிவரி எல்லாம் பின்பக்கம்," என்றார் வாசலில் நின்ற தரகர் அம்மா.

"டெலிவரி இல்ல மேடம். வீடு பார்க்க வந்தேன்."

ஷூவுக்கு மேல் காகித உறை மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டேன். படுக்கையறை மூலை துடைத்துவிட்டது போல் இருந்தது. கீழே துணி விரித்து, தரையில் நிறம் மாறியிருந்த மரத்துண்டை நெம்பினேன். அடியில் எங்கள் குழாய், தலையில் மூடியோடு இருந்தது. கூரையில் அலங்காரப் பட்டையை அறுத்தேன். மேல்முனை அங்கே இருந்தது. கழற்றியவர் யாராக இருந்தாலும் வேலை தெரிந்தவர். வெட்டாமல் மரையோடு கழற்றியிருந்தார். யார் என்று கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை.

வீடு பார்க்க வந்த ஒரு இளம் தம்பதி பக்கத்தில் நின்றார்கள். கணவர் போன் விளக்கைக் காட்டி, "என்ன பிரதர் இது?" என்றார்.

"மேல் வீட்டுச் சூடு."

"எங்களுக்கு இந்தக் குழாய் வேண்டாங்க. மூலை காலியா இருந்தாத்தானே கட்டில் போட முடியும்?" என்றார் மனைவி.

"கட்டிலை அந்தப் பக்கம் போடலாம். இதுக்கு வேற வழியே இல்ல."

நான் கீழ்மரையைப் பிடிக்கும்போது மேல்முனை ஆடியது. கேட்காமலே கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். "உன்னை யாரு பிடிக்கச் சொன்னா? வாங்குறதுக்கு முன்னாடியே வேலையா?" என்று மனைவி அதட்டினார். கணவர் விடவில்லை. அவர் பெயர் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அதற்குள் தரகர் கூப்பிட்டு கெஸ்லர் வந்துவிட்டார். "திருடன் மாதிரி என் வீட்டுக்குள்ள பூந்திருக்கியே!" என்று கத்தினார்.

"திருடன் எடுத்துட்டுப் போவான் சார். நான் கொண்டு வந்திருக்கேன்."

அதன் பிறகு போலீசார் இருவர் வந்தார்கள். ரெஞ்சைக் கீழே போடச் சொன்னார்கள். இரண்டு குழாய்களை இணைக்கும் கடைசித் திருகில் அரைச் சுற்று பாக்கி இருந்தது. அரைச் சுற்று சுற்றிவிட்டுப் போட்டேன். அதற்குத் தனி வழக்கு என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைவிலங்கோடு லாபிக்கு இறக்கினார்கள். டோன்யா அம்பாரோ, பாஷ்கிம், இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "குழாய் சேர்ந்தாச்சு. கீழ வால்வு மூடியிருக்கு. யாராவது திறந்தா போதும்" என்றேன். "எவனாவது அந்த வால்வுல கை வெச்சா நாளைக்கு இந்தக் கட்டடத்துல இருக்க மாட்டான்!" என்றார் கெஸ்லர். ஒருவரும் அசையவில்லை.

நிலையத்தில் உட்கார்ந்த பிறகு டிடெக்டிவ் ஒரு சமாதானம் கொண்டு வந்தார். சேதத்துக்குப் பணம் கட்டி, மன்னிப்பு எழுதிக் கொடுத்து, குழாயைக் கழற்றச் சம்மதித்தால் கெஸ்லர் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வாராம். தரைப்பலகைக்கும் கூரைப் பட்டைக்கும் பணம் தருகிறேன். மன்னிப்பு இல்லை. கழற்றினால் மறுபடி மாட்டுவேன், எத்தனை தடவை என்றாலும்.

அதன் பிறகு வீட்டுக்கு ஒரு போன் பேச அனுமதித்தார்கள். நூபே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "இருங்க, பேசாதீங்க, கேளுங்க" என்று சொல்லி போனை எங்கேயோ கொண்டு போனாள். டங், டங் என்று இரும்பில் சுத்தியல் விழுகிற சத்தம் கேட்டது. வெகுநாள் குளிர்ந்து கிடந்த குழாய்க்குள் முதல் நீராவி ஏறும்போது அப்படித்தான் அடிக்கும். "சத்தத்துல பிள்ளை முழிச்சுட்டான். கோட்டைக் கழட்டிட்டேன்" என்றாள்.

வால்வைத் திறந்தது யார் என்று கெஸ்லர் சார்பில் டிடெக்டிவ் கேட்கிறார். அந்த நேரத்தில் நான் விலங்கோடு உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வாயிலிருந்து ஒரு பெயரும் வராது.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு ஸ்பானிஷில் வாசித்துக் காட்டப்பட்டது. உண்மை. யார் மிரட்டியும் ஆசை காட்டியும் நான் சொல்லவில்லை. ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை.

(ஒப்பம்) வில்மர் கிஸ்பே, பங்குதாரர், 6-B