அஞ்சுக்கு மேல் எண்ணத் தெரியாத சென்சர்

காலையில் கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது பொய் சொல்லல அண்ணே. அதுக்கு அஞ்சுக்கு மேல எண்ணத் தெரியாது."

யாரைச் சொல்கிறாள் என்று காதைத் தீட்டினேன். அவளுடைய பந்தயக் காரில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சரைத்தான் சொன்னாள்.

"டர்போ போட்டப்புறம் இஞ்சினுக்கு ஆறு பார் பிரஷர் வேணும். பழைய சென்சர் அஞ்சு வரைக்கும்தான் காட்டும். ஆறு வருதா, நடுவுல குறையுதான்னு எப்படித் தெரியும்? அதான் போன பந்தயத்துல பாதி ஓட்டத்துல இஞ்சின் நின்னுருச்சு."

"காரை வித்துரு லா. பின்னால வந்தவன் ஒதுங்கலன்னா நீ இன்னைக்கு இருந்திருக்க மாட்ட."

"எனக்கும் பயம் இருக்கு. அதுக்காக விக்க மாட்டேன். பத்து வரைக்கும் காட்டுற சென்சர் வாங்கியாச்சு. பட்டறைக்குப் போனதும் நானே மாட்டப் போறேன்."

"அப்ப மொதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன்."

"வேணாம். நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உக்காந்து மீட்டரைப் பாரு."

பேருந்து சிம்பாங் பூலாயைத் தாண்டியதும் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தனைக்குக் கீழ போனா உன்னை நிறுத்தச் சொல்லணும்?"

"அஞ்சரை."

"அஞ்சரை," என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.