டெஸ்பினாவின் பெயர்நாள்

குழந்தைக்கு வெயில் களிம்பு பூசும்போது காது மடலில்தான் தொடங்க வேண்டும். எல்லோரும் மறந்துவிடும் இடம் அது. நான் மறந்ததே இல்லை. மூன்று கோடைகாலமாக இந்த விடுதியின் குழந்தைகள் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்னிடம் விட்ட ஒரு பிள்ளைக்குக்கூடத் தோல் உரிந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

எனக்குப் பயமில்லை. கை சில்லிட்டிருப்பது இந்த அறையின் ஏசியால். அம்மாவுக்கு மட்டும் இப்போதே சொல்ல வேண்டாம். அவளும் இங்கேதான் வேலை, மேல்மாடி அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள். வேலை முடியட்டும்.

எங்கள் கடற்கரையைப் பைன் மரங்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. இந்தப் பக்கம் குடும்பங்கள். அந்தப் பக்கம் பெரியவர்கள் மட்டும். அங்கே குழந்தைக்கு அனுமதி இல்லை. காலையில் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் நிறைய. பிள்ளையின் கையிலும் பெற்றவர் கையிலும் ஒரே எண் போட்ட சிவப்புப் பட்டை கட்டுவோம். பட்டை இல்லாமல் நாட்டின் பிரதமரே வந்து நின்றாலும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. எங்கள் மேற்பார்வையாளர் வாசோ, தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதை மூன்று தடவை சொன்னாள். எனக்குத் தெரிந்த விதிதான். இருந்தாலும் தலையாட்டினேன்.

ரேயா மேடம் ஏதென்ஸில் பல் மருத்துவர். வருடாவருடம் மகள் டெஸ்பினாவோடு வருவார். டெஸ்பினாவுக்கு ஆறு வயது. முதல் வருடமே ரேயா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பள்ளிக்கூடம் முடிச்சதும் நேரா எங்க வீட்டுக்கு வந்துடு, அசிமினா. கடைசி ரூம் உனக்குத்தான். நீ பாட்டுக்குக் காலேஜ் போ, சாயந்திரம் இவளப் பாத்துக்கோ. நீயும் எனக்கு ஒரு பொண்ணுதான், செல்லம்." அந்த அறையின் படத்தைக்கூட அனுப்பினார். மஞ்சள் திரை போட்ட ஜன்னல்.

அதனால் இந்த வருடம் கல்லூரி விருப்பப் பட்டியலில் ஏதென்ஸை மட்டும் எழுதினேன். தெசலோனிகியில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கிப் படித்திருக்கலாம். அந்த ஊரை நான் எழுதவே இல்லை. ஜூலை கடைசியில் ஏதென்ஸில் இடம் கிடைத்தது. மழலையர் கல்வி. ஏதென்ஸில் எங்களுக்கு வேறு யாரும் கிடையாது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, இதைச் சொல்லலாம் என்று மரங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். ரேயா மேடம் தோழியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த வருஷமும் அந்தப் பொண்ணுதான் பாத்துக்குதா?" என்றாள் தோழி.

"வேற யாரு? ரூம் தரேன்னு ஒரு வார்த்த விட்டேன். மூணு வருஷமா புள்ளைக்குத் தல பின்னி விடுது, ராத்திரி கத வேற சொல்லுது."

"நெஜமாவே பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா என்னடி பண்ணுவ?"

"நிக்கட்டும். ஒரு காபி போட்டுக் குடுத்து பஸ் ஏத்தி விட்டுடுவேன்."

இருவரும் சிரித்தார்கள். ரேயா மேடம் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சிரிப்பு வரும். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கூடத்துக்குத் திரும்பி டெஸ்பினாவுக்கு முலாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பொம்மை அலமாரிக் கதவின் உள்பக்கம் டெஸ்பினாவின் அப்பா ஃபோட்டிஸின் படம் ஒட்டியிருந்தது. இவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள் என்று ரேயா மேடமே ஒட்டவைத்தது. மகள் பக்கமே வரக் கூடாது என்று நீதிமன்றம் அவரைத் தடுத்திருக்கிறது. போன வருடம் ரேயா மேடம் சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருந்த தழும்பை எனக்குக் காட்டினார். கொதிக்கிற எண்ணெய். ஆனால் சமையலறையில் யாருக்கும் சுட்டுக்கொள்ளும், இல்லையா?

வோலோஸ் துறைமுகத்தில் ஃபோட்டிஸுக்குப் படகு பழுதுபார்க்கும் பட்டறை. இணையத்தில் பெயரைத் தட்டினால் போன் நம்பர் வருகிறது. அன்று இரவே கூப்பிட்டு, டெஸ்பினா இங்கே இருக்கிறாள் என்று சொன்னேன்.

"நீ யாரும்மா?" என்று கேட்டார்.

"உங்க பொண்ணு வர்ற கூடத்துல வேல பாக்கறேன்."

"இதெல்லாம் எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"பதினஞ்சாந்தேதி அவ பெயர்நாளு. அப்பா இல்லாம எப்படிங்க?"

அவர் கத்தவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். அவளுடைய அம்மா எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் போவார், வண்டியை எங்கே நிறுத்தலாம். பொறுமையான மனிதர் என்று அப்போதே நினைத்தேன்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள். மாதாவின் பெயர்களை வைத்துக்கொண்ட மரியா, பனயோட்டிஸ், டெஸ்பினா எல்லோருக்கும் பிறந்தநாள் போலக் கொண்டாடும் பெயர்நாள் அன்றுதான், உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். பெயர்நாளில் இனிப்புப் பெட்டியோடு வருகிறவரை எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை, பெட்டியைத்தான் பார்ப்பார்கள். பெட்டி கொண்டுவரச் சொன்னது நான்தான். வாயில்காவலர் இரண்டு எடுத்துக்கொண்டார். வாசோ இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ஃபோட்டிஸின் படத்தை அவள் கவனித்ததுண்டா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே அதைக் கிழித்துவிட்டேன்.

வாசோ வாயில் இனிப்போடு, "பொண்ணு நூறு வருஷம் நல்லாருக்கட்டும் சார். பட்டையக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள்.

அவர் கையை நீட்டினார். இருநூற்றுப் பதினான்கு. டெஸ்பினாவின் எண். பட்டை அச்சிடும் இயந்திரம் என் மேசையில்தான் இருக்கிறது. வாசோ சரி என்று சொல்லிவிட்டு, ஆட்டிறைச்சி வாட்டுகிற இடத்துக்குத் தட்டோடு போனாள்.

அவருடைய வண்டி வோலோஸ் துறைமுகத்தில் நிற்கிறது, படகைக் காணவில்லை என்று சொன்னீர்கள். மூன்று நாளில் கடலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டெஸ்பினா திரும்பி வந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள ரேயா மேடத்துக்குக் கட்டாயம் ஆள் வேண்டியிருக்கும். அவர் முன்பு சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். என் வகுப்பு அக்டோபரில்தான் ஆரம்பம்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது, பிள்ளை தானாகப் போனாளா என்று. இல்லை. அவரைப் பார்த்ததும் என் முதுகுப் பக்கம் வந்து நின்று சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அசி, வேணாம் அசி. அம்மாவக் கூப்பிடு," என்றாள், மெதுவாகத்தான்.

தினமும் காலையில் அம்மாவை விட மாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளை எப்படி வாங்குவது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சமாதானம் சொல்லி நேரத்தை இழுக்கக் கூடாது. முகம் சிரித்தபடி இருக்க வேண்டும். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்கு வலிக்காது. பத்து விரலையும் நான்தான் எடுத்தேன் சார். எடுத்து, தூக்கி, அவர் கையில் கொடுத்தேன்.

எப்படிப்பட்ட அழுகையும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும் என்று பயிற்சியில் சொல்வார்கள். கார் கதவு சாத்துகிறவரை அவள் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்குக் குழந்தைகளைக் கையாளத் தெரியும்.