அந்தக் குரலுக்கு மூன்று நிமிடம்

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மன்றத்தைத் தோளில் சுமந்தும் தோள் தளராத தலைவர் மெய்யநாதன் ஐயா அவர்களே, தீர்மானம் எழுதும்போது ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிடாத செயலாளர் நாச்சியப்பன் அண்ணன் அவர்களே, முன்வரிசையை நிறைத்து எங்கள் முதுகுக்குப் பலம் தரும் பெரியோர்களே, பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருக்கும் சகோதரிகளே, பின்கட்டில் தேநீர் ஆற்றிக்கொண்டே சன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் அமர்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் என் தந்தை குலசேகரம் அவர்களே, உங்கள் அனைவரையும் அருந்ததி கைகூப்பி வணங்குகிறேன்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்லள். படிக்கிறவள். பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். பேருந்தில் புத்தகம் படிக்கிறேன். வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அப்பா சிரிக்கிறார். கேட்டதற்கும் சில நாள் பதில் சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவள் இன்று ஏன் ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்? தீர்மானம் ஏழுக்காக நிற்கிறேன். உங்கள் கையிலுள்ள தாளில் அது இருக்கிறது. "மாடி அறையில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் இசை, திரைப்பட வட்டம் இனி ஆண் உறுப்பினர்களுக்கு மட்டும் உரியது." ஒரே வரி. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. அண்ணன் எழுதியது அல்லவா.

காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. படம் போடும்போது விளக்கை அணைக்கிறார்களாம். ஆமாம், அணைக்கிறோம். விளக்கை எரியவிட்டுக்கொண்டு எந்தப் படத்தைப் பார்ப்பது? மாலை நான்கு மணிக்கு, வெளியே வெயில் கொளுத்தும்போது, சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி நாங்கள் உண்டாக்கும் இருட்டு அது. அந்தத் துணியிலும் ஏழெட்டு ஓட்டைகள். இந்தத் தீவிலேயே இவ்வளவு வெளிச்சமான இருட்டு வேறெங்கும் இருக்காது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். இம்மன்றத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு கை. வீட்டுத் தலைவரின் கை. ஆகவே இந்தத் தீர்மானத்தால் வெளியே போகப்போகிறவர்கள் எவருக்கும் இன்று வாக்கு இல்லை. எனக்கும் இல்லை. எனக்குத் தலைவர் தந்திருப்பது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்து உங்கள் கைகளோடு பேசவேண்டும். பேசுகிறேன்.

அந்த வட்டத்தில் அப்படி என்னதான் செய்கிறோம்? இரண்டே காரியம். கடல் கடந்து வந்த புளூஸ் பாட்டு கேட்கிறோம். பழைய விண்வெளிப் படம் பார்க்கிறோம்.

இவற்றில் தமிழருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதலில் பாட்டைச் சொல்கிறேன். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அடுத்தவனின் பருத்திக்காட்டில் முதுகொடிய உழைத்த கறுப்பின மக்கள் பாடிய பாட்டு அது. ஒரு கிடார், ஒரு குரல், பல சமயம் ஒரு பியானோ, தரையைத் தட்டும் ஒரு கால். ஓர் அடியைப் பாடுவார்கள். அதே அடியைத் திரும்பவும் பாடுவார்கள். மூன்றாவது அடியில்தான் பதில் வரும். ஏன் ஒரே அடியை இரண்டு முறை பாடவேண்டும்? நான் புத்தகங்களில் தேடினேன். தாளம் என்றார் ஒருவர், மரபு என்றார் ஒருவர். பதில் எனக்குக் கிடைத்தது புத்தகத்தில் அல்ல, தவமணி அக்காவிடம்.

தவமணி அக்கா அதோ, தூணுக்கு அருகில் இருக்கிறார். ஒளியாதீர்கள் அக்கா. பத்து காவான் என்னும் ஊரின் தோட்டத்தில் பிறந்து, பாகான் டாலாமில் தம் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் வேலை செய்கிறார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவுடன் என்ன சொன்னார் தெரியுமா?

"இது கூட தெரியலையா உனக்கு? சூப்பர்வைசர்கிட்ட ஒரு தடவ சொன்னா காதுல விழுமா? மொதத் தடவ சொல்றது வாய் தொறக்குறதுக்கு. ரெண்டாவது அவன் காதுக்கு. மூணாவது நமக்கு நாமே சொல்லிக்கிறதுலா."

எத்தனை ஆய்வாளர்கள், எத்தனை நூல்கள். ஆலைக்குப் போகும் ஒரு பெண் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இனிப் படத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு, நூலகம் ஒன்றிலிருந்து ஒரு படத்தை இரவல் வாங்கினோம். கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு சுருள். படக்கருவியை இயக்குகிறவர் எங்கள் ஷேக் அலாவுதீன் பாய், சூலியா ஸ்ட்ரீட்டில் வானொலி பழுது பார்க்கிறவர், அதோ மேடை ஓரத்தில் இசைத்தட்டுக் கருவியின் அருகில் இருப்பவர். அன்று அவசரத்தில் இரண்டாம் சுருளை முதலில் மாட்டிவிட்டார்.

யாராவது கண்டுபிடித்தோமா? இல்லை. ஏன் இல்லை? நாம் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்தவர்கள். திடீரென்று நடுவில் ஆரம்பித்தால் நமக்குக் குழப்பமா வரும்? பிளாஷ்பேக் பின்னால் வரும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். செத்துப்போன கப்பல் தலைவன் முதல் சுருளில் உயிரோடு வந்து காப்பி குடித்தபோது, "பாத்தியா, நான் சொல்லல? பிளாஷ்பேக்" என்று வெற்றியோடு சொன்னவர் நாச்சியப்பன் அண்ணன்தான். மறுக்கமுடியாது அண்ணே, பதினோரு பேர் சாட்சி.

கதை இதுதான். ஒரு தூரத்துக் கோளில் ஒரு விண்கப்பல் இறங்குகிறது. வெளியே ஏதோ ஒன்று கதவைத் தட்டுகிறது. உள்ளே இருப்பவர்கள் நடுங்குகிறார்கள், துப்பாக்கி எடுக்கிறார்கள், கதவைத் திறப்பதா கூடாதா என்று கூட்டம் போட்டு வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, தட்டிய அந்த உயிர் கப்பலின் அடியில் விரிசல் கண்டிருப்பதைச் சொல்லத்தான் வந்தது என்று.

படத்தை எடுத்தவர்கள், பார்க்கிறவர்களும் பயப்படவேண்டும் என்றுதான் எடுத்திருப்பார்கள். நாங்கள் பயப்படவில்லை. எங்களுக்குத்தான் முடிவு முதலிலேயே தெரியுமே. கதவு தட்டப்பட்டபோது அறையில் ஒரு குரல் எழுந்தது. "தொறந்து விடுங்கப்பா, பாவம் எவ்வளவு நேரமா தட்டுது." அது தலைவர் அவர்களின் துணைவியார் விசாலம் ஆச்சியின் குரல். உள்ளே ஒருவன் துப்பாக்கியைத் தூக்கியதும் ஆச்சி எழுந்தே நின்றுவிட்டார். "அது நல்லதுக்குத்தான் வந்திருக்கு, சுட்டுத் தொலைக்காதீங்க."

தலைவர் ஐயா, வீட்டில் இதை ஆச்சி சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்லிவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். அச்சம் எங்கே இருக்கிறது? கதவைத் தட்டுகிறவரிடமா, கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரிடமா? தட்டுகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால் துப்பாக்கி எதற்கு? தெரிந்துகொள்ளாமலே வாக்கெடுப்பு எதற்கு?

கைதட்டவேண்டாம், நேரம் போகிறது. இனிமேல்தான் முக்கியமானதைச் சொல்லப்போகிறேன்.

எங்களிடம் உள்ள இசைத்தட்டுகள் எல்லாம் பெரியவை. ஒன்றே ஒன்று சிறியது. ரோப் வாக் பழைய பொருள் சந்தையில் அலாவுதீன் பாய் வாங்கியது. நடுவில் ஒட்டியிருந்த தாள் உரிந்துபோய், பாடியவர் பெயரும் தெரியாது, பாட்டின் பெயரும் தெரியாது. அதில் ஒரு முதியவர் பாடினார். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். ஒவ்வொரு சொல்லையும் கல்லைப் புரட்டுவதுபோல மெதுவாகப் புரட்டுவார். நாங்கள் அவருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தோம். எட்டு மாதம், சனிக்கிழமை தவறாமல், பெரியவர் பாடித்தான் வட்டம் கலையும். அவருக்கு எழுபது வயது இருக்கும் என்றார் ஒருவர். மனைவியை இழந்தவர் என்றார் இன்னொருவர். இப்படி ஒரு பாரத்தை ஆண்பிள்ளையால்தான் பாடமுடியும் என்றார் நாச்சியப்பன் அண்ணன்.

என் தந்தையும் ஒருநாள் கேட்டார். என்னை அழைத்துப்போக வந்தவர், மாடிப்படியில் நின்றுவிட்டார். பாட்டு முடியும்வரை உள்ளே வரவில்லை. ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்டார்: "பிள்ளை, உந்தக் கிழவன் ஆர்? நல்ல பாரமான குரல்." தெரியாது அப்பா என்றேன். "தெரியாட்டிப் பரவாயில்லை. மனிசன் பட்டிருக்கிறான்," என்றார்.

சென்ற மாதம் இசைத்தட்டுக் கருவியின் ஊசி தேய்ந்துவிட்டது. பாய் அதைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார். வழக்கம்போல் கடைசியில் பெரியவரை வைத்தார். ஊசி இறங்கியது. பியானோ துள்ளியது. பாடியது ஒரு பெண்.

இளம்பெண். என் வயது இருக்கலாம்.

நாங்கள் என்ன செய்தோம்? வியந்தோமா? வரவேற்றோமா? நேர்மையாகச் சொல்கிறேன், சத்தம் போட்டோம். "பாய், மிஷின் போச்சு பாய்." "என்ன பாய் ரிப்பேர் பண்ணீங்க, பெரியவர் கொரலு கீச்சுன்னு ஆயிடுச்சு." "பழையபடி வையுங்க பாய்." கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

பாய் பொறுமையாக இருந்தார். தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எண்ணும்மா, ஒரு நிமிஷத்துல எத்தன சுத்துன்னு." எண்ணினேன். நாற்பத்தைந்து. பிறகு சொன்னார்: "சின்னத் தட்டு நாப்பத்தஞ்சுலதான் சுத்தணும். இந்த லீவர் பெரிய தட்டுக்கு உள்ள முப்பத்துமூணுலயே துருப்பிடிச்சு நின்னுருக்கு. பெரிய தட்டு எல்லாம் சரியாப் பாடுனதால ஒருத்தருக்கும் தெரியல. மிஷின் இன்னிக்குத்தான் சரி. எட்டு மாசமாத்தான் தப்பு."

நான்கு நிமிடம் ஓடிய பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்திருந்தது.

அவையோரே, அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். எங்கோ ஓர் அறையில், எப்போதோ ஒருநாள், வாய் திறந்து பாடினாள். அடி ஒன்றைப் பாடினாள். அதையே மீண்டும் பாடினாள். பதிலையும் பாடினாள். அவள் குரலில் குறையா? இல்லை. பாட்டில் பிழையா? இல்லை. நம் கருவியில் ஒரு கைப்பிடி துருப்பிடித்திருந்தது. அந்தத் துருவுக்காக அவளை ஆணாக்கினோம், கிழவனாக்கினோம், மனைவியை இழந்தவனாக்கினோம். அவளே வந்து நின்றபோது, கருவி கெட்டுவிட்டது என்றோம்.

நாச்சியப்பன் அண்ணே, உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு மற்றவர்கள் போனபின், நான் அப்பாவுக்காகக் காத்திருந்தபோது, "இன்னொரு தடவ போடுங்க பாய்" என்று கேட்டவர் நீங்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். யாரோ ஒரு வீட்டிலிருந்து புகார்க் கடிதம் வந்தது, நீங்கள் செயலாளர், தீர்மானம் எழுதினீர்கள். எழுதவேண்டியது உங்கள் கடமை. ஆனால் இந்த வரியை எழுதியவர், கண்ணை மூடிக் கேட்ட அந்த அண்ணனைக் கேட்டு எழுதினாரா? அதை மட்டும் கேட்கிறேன்.

தவமணி அக்காவின் அண்ணன் சொல்லிவிட்டார், தீர்மானம் நிறைவேறினால் சனிக்கிழமை வெளியே போகக்கூடாது என்று. அவரும் இங்கே இருக்கிறார். அவர் கையிலும் ஓர் அட்டை இருக்கிறது. அண்ணே, உங்கள் தங்கை என்ன வேலை செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நகத்தைவிடச் சிறிய தகட்டில் ஒட்டுகிறார். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். விண்வெளிப் படம் உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அக்கா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஆறு நாள் கிட்டக்கவே பாத்துக்கிட்டு இருக்கேன்லா. ரெண்டு மணி நேரம் தூரத்தப் பாக்க வர்றேன்."

அந்தத் தூரத்தைத்தான் தீர்மானம் ஏழு கேட்கிறது. அறையை அல்ல, விளக்கை அல்ல. உழைக்கும் ஒரு பெண் தலையை நிமிர்த்திப் பார்க்கும் இரண்டு மணி நேரத்தைக் கேட்கிறது. கொடுத்துவிடுவோமா?

இருட்டுதான் குறை என்றால் ஆச்சியைக் கதவருகே உட்காரவையுங்கள். நேரம்தான் குறை என்றால் மூன்று மணிக்குத் தொடங்குங்கள். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஆளை மாற்றாதீர்கள். குரலை மாற்றாதீர்கள். துருப்பிடித்த கைப்பிடியை மாற்றுங்கள்.

அப்பா, இதை வீட்டில் உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் மாடிப்படியில் நின்று கேட்டது ஒரு பெண்ணின் குரல். பட்டவள் அவள்தான். உங்கள் கை எந்தப் பக்கம் உயரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டு உயர்த்துங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன்.

மணி அடித்துவிட்டது. இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்பதற்கான முதல் மணி அது. தலைவர் ஐயா, அந்த மூன்று நிமிடமும் என்னுடையது. அதை நான் இன்னொருவருக்குக் கொடுக்க மன்ற விதியில் தடை இருக்கிறதா? நாச்சியப்பன் அண்ணன் தலையை ஆட்டுகிறார். இல்லையாம். புள்ளி தவறாதவர் சொன்னால் சரிதான்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. வாக்கில்லாதவளுக்கு வாய்ப்பளித்த அவைக்கு என் வணக்கம்.

பாய், ஊசியை வையுங்கள். நாற்பத்தைந்தில்.