கம்பத்துக்கு முன்னால் கட்டிய கயிறு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அரையிறுதியில் வென்ற அணியே, தோற்ற அணியே, முதலில் என்னை மன்னியுங்கள். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. மைதானப் பணியாளர் வீடுகளின் முதல் பட்டதாரி, பரிசு வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசட்டும் என்றீர்கள். என்னிடம் இருப்பது இரண்டு வார்த்தைக்குள் அடங்காது.

கேட்கவில்லையா அண்ணா? இதோ, மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன்.

கோடு என்றால் என்ன? காலால் தேய்த்தால் கலைந்துபோகும் சுண்ணாம்பா? அந்தச் சுண்ணாம்புக்குக் கட்டுப்பட்டுத்தானே இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள்! முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். மயிரிழை மிச்சமிருந்தாலும் கோல் இல்லை.

அந்தக் கோட்டைப் பதினாறு ஆண்டுகளாகப் போட்டவர் என் அம்மா. உங்கள் 'வண்டிக்கார அக்கா'. கோடு போடும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளும்போது கோல் கம்பத்தைப் பார்க்க மாட்டார், சக்கரத்தைப் பார்க்க மாட்டார். கட்டிய கயிற்றை மட்டுமே பார்ப்பார்.

அரையிறுதி அன்று காலை அம்மா சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தார்.

"அடியே பட்டதாரி, சும்மா நிக்காம கயித்தக் கட்டு. ரெண்டு கம்பத்துக்கும் பின்னாடி கட்டணும்."

"தெரியும்மா. இது என்ன பெரிய பரீட்சையா?"

"பரீட்சைல தப்பு விட்டா உனக்கு மட்டுந்தான் நஷ்டம். பாத்துக் கட்டு."

நேர்காணல் முடிவு வந்துவிட்டதா என்று என் கண் கைபேசியிலேயே இருந்தது. கட்டினேன். இரண்டு கம்பங்களுக்கும் முன்னால் கட்டினேன். கோல் கோடு ஒரு கம்பத்தின் அகலம் முன்னே வந்துவிட்டது.

சிரியுங்கள் ஐயா. ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை நானும் அறியாமல் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நிமிடத்தில் உருண்டு வந்த பந்தைத் தடுப்பாட்டக்காரர் எட்டி உதைத்தார். பந்தில் பாதிக்கு மேல் இன்னும் கம்பங்களுக்கு நடுவில்தான் இருந்தது; கோடு சரியாக இருந்திருந்தால் அது கோலே இல்லை. ஆனால் நடுவர் பார்த்தது வெள்ளைக் கோட்டை. பந்து அதைத் தாண்டியிருந்தது. விசில். கோல். ஓர் அணி கோல் அடித்தவரைத் தூக்கிக் கொண்டாடியது. ஓர் அணி தரையில் விழுந்து அழுதது.

மறுநாள் நம் செயலாளர் ஐயா கோட்டை அளந்து பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நாந்தாங்க," என்றார் அம்மா. கயிற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்ற நானும் விடவில்லை. அன்றே வேலை போனது.

"ஏம்மா என்னைச் சொல்லல?"

"சொன்னா கோடு பின்னாடி நகந்துடுமா? மேடையேறப் போறவ நீ. வாய மூடிட்டுச் சாப்பிடு."

சாப்பிட முடியுமா? உறங்க முடியுமா? பட்டத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கத்தான் முடியுமா? நான்கு நாட்களாக வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அம்மாவோ ஏற்கெனவே பெருக்கிய அறையை மறுபடி பெருக்குகிறார்.

கயிறு கட்டியவள் நான். கவனம் சிதறியவள் நான். கண்ணெதிரே அம்மா பழி ஏற்றபோது கல்லாய் நின்றவள் நான். படித்தவள் என்று பரிசு வாங்க வந்திருப்பவளும் நானே!

தோற்ற அணியின் அண்ணன்களே, உங்கள் கோபம் என்மீது வரட்டும். அது எனக்குரியது.

நேரமாகிறது என்று செயலாளர் ஐயா கை காட்டுகிறார். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும்.

இறங்குவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். பரிசு எனக்கு வேண்டாம். நாளை இறுதியாட்டம், காலையில் அந்த வண்டியை என் அம்மா கையில் கொடுங்கள்.