என்ர முகத்தைப் பாத்து வலிச்சவங்கள்

தண்ணிக்கு நன்றி, சேர். தோணி ஓட்டத்தில துடுப்புத் தண்டு வலிக்கிறவங்களுக்குத்தான் எல்லாரும் போத்தலை நீட்டுவினம். பின்னால சுக்கான் பிடிச்சுக்கொண்டிருக்கிறவனுக்கும் தொண்டை காயும் எண்டு ஒருத்தருக்கும் நினைவு வாறேல்லை. குறையாச் சொல்லேல்லை, சும்மா சொல்லுறன்.

நான் சரியான பயந்தாங்கொள்ளி. எங்கட கீரி ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். இடி முழங்கினால் கட்டிலுக்குக் கீழ தேடுங்கோ எண்டு என்ர மனிசி றொஷேலே பகிடி பண்ணுவாள். கடலுக்குப் போகப் பயம், அரசாங்கக் கந்தோருக்குப் போகப் பயம். கோயில் திருநாள் ஓட்டத்தில மட்டும் பயம் வாறேல்லை. ஏனெண்டா, வலிக்கிற ஆறு பேரும் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாங்கள். முன்னால என்ன கிடக்கெண்டு அவங்களுக்குத் தெரியாது. என்ர முகத்தைத்தான் பாப்பாங்கள். நான் முகம் சுழிச்சால் ஆறு பேரும் குழம்பிப் போவாங்கள். அதால பதினெட்டு வருஷமா முகத்தை ஒரே மாதிரி வைச்சிருக்கப் பழகினனான். வருஷத்தில அந்த ஒரு நாள்தான் நான் மனுசன்.

இந்தமுறை திருநாளுக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க கமிட்டிக்காரர் கூடி, வாற வருஷம் டிலுக்சன் சுக்கானைப் பிடிக்கட்டும் எண்டிட்டினம். டிலுக்சன் என்ர அக்கான்ர இளையவன். நல்ல பெடியன், பொய் சொல்லக்கூடாது. "மாமா, கோவமே?" எண்டு வீட்டை வந்து கேட்டவன். "எனக்கென்னடா கோவம்" எண்டனான். மெய்யாக் கோவமில்லை. பயம். இனிச் சாகுமட்டும் எல்லா நாளும் பயந்த நாள்தான் எண்டு நினைக்க, நித்திரை வரேல்லை.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் பிறாக்டிஸ். திரும்புற இடத்து மிதவையின்ர கயிறு கழண்டு போச்செண்டு, நாங்கள் தோணி தள்ளமுதல் டிலுக்சன் நீந்திப் போனவன். என்னட்ட மட்டும் சொல்லிப்போட்டுத்தான் போனவன். தூரத்திலயே அவன்ர தலையைக் கண்டனான். கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கினால் போதும். அவனும் கண்டு, கையைக் காட்டிக் கூப்பிட்டான். மாமா ஒதுக்குவார் எண்டு நம்பிக் கயிற்றை விடேல்லை.

எனக்கு நேர முன்னால இருந்து வலிச்சது அவன்ர தமையன் றொசாந்தன்.

"ஆரோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு, மாமா?"

"கரையில பெடியள். நீ வலி."

முகத்தை அப்பிடியே வைச்சிருந்தனான். முன்பக்கத்தில டொக்கெண்டு ஒரு சத்தம். பிறகு என்ர கையில, சுக்கானில, இன்னொருக்கா. என்ன அது எண்டு கேட்டாங்கள். மிதவை எண்டனான். மாமாவுக்குக் கண் தெரியேல்லை எண்டு சிரிச்சாங்கள். தோணி தாண்டினபிறகு அவங்கள் பாத்த பக்கம் மிதவை மட்டும் ஆடிக்கொண்டு நிண்டது.

கயிறு காலில சுத்தித் தண்ணிக்குள்ள தாண்டு போனான் எண்டு ஊர் நம்பிச்சு. நீங்களும் பொலிஸ் புத்தகத்தில அப்பிடித்தான் எழுதினீங்கள், சேர்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, அவன்ர நினைவா ஒரு ஓட்டம் வைக்கினம் எண்டு என்னையே சுக்கானுக்குக் கேட்டினம். நேற்றுப் பின்னேரம் ஏறினன். றொசாந்தன் அதே இடத்தில இருந்தான். கரையில இருந்து மிதவை வரைக்கும் என்ர முகத்தில இருந்து கண்ணை எடுக்கேல்லை. மிதவையடியில மெதுவாக் கேட்டான்.

"அண்டைக்கும் முகம் இப்பிடித்தானே இருந்தது, மாமா?"

நான் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிப்போட்டன், சேர். சுக்கானில இருந்து நான் பயந்தது அதுதான் முதல் தரம். இனி அவனுக்கு முன்னால இருக்க என்னால ஏலாது. அதுக்குத்தான் விடிய முதல் பஸ்ஸில இஞ்ச வந்தனான். அந்தக் கதவைக் கொஞ்சம் பூட்டுங்கோ.

ஓம், அவனைக் கண்டுகொண்டுதான் தோணியை ஏத்தினனான். எழுதுங்கோ. இதையும் சேர்த்து எழுதுங்கோ. நான் சுக்கானை நேராப் பிடிச்சது மட்டும்தான். ஒரு தண்டும் வலிக்கேல்லை. வலிச்சது ஆறு பேர். றொசாந்தனைக் கூப்பிட்டு விசாரியுங்கோ. அண்டைக்கு அவன்தான் எல்லாரிலும் பலமா வலிச்சவன்.