ஆறாவது நட்டு

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஈ காக்கா இல்லாத ரோடு... ரெண்டு பக்கமும் வெறும் பொட்டல். பயப்படுறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க, நடுவுல கதவைத் திறக்கக் கூடாது.

எங்க தையல்காரிக்குச் சித்தப்பா முறை ஆகணும் அவர். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆனதும் ஒரு கேரவன் வாங்கினார். அதான், காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளயே. புருஷனும் பொண்டாட்டியுமா ஊர் ஊரா சுத்துவாங்க. அவளுக்கு இடுப்பு வலி, கார்ல உக்கார முடியாது. ஓடுற வண்டிக்குள்ள படுக்கக் கூடாதுன்னு இவர் தலைகீழா நின்னு பாத்தார். கேட்டாத்தானே? நீங்க ஓட்டுற வேகத்துக்குத் தொட்டில் மாதிரி இருக்கு, போங்கன்னுட்டு, தைலத்தைத் தேச்சுட்டுப் படுத்துப்பா.

பஞ்சர் ஆனா அவங்களுக்குள்ள ஒரு வழக்கம். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது உள்ள ஆள் இருக்கக் கூடாதில்ல... இவர் கேரவன் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவார். அவ இறங்கி வந்து டார்ச் பிடிப்பா. கழட்டுற நட்டு ஆறையும் உள்ளங்கையில வாங்கி வெச்சுப்பா, கீழ வெச்சா உருண்டுடும்னு. எல்லாம் மாட்டினப்புறம் இவர் "ஏறிக்கோ"ம்பார். அதைச் சொல்லாம அவ ஏற மாட்டா.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி முழுக்க ஓட்டிட்டு, விடிஞ்சதும் காபி கேக்கலாம்னு கதவைத் திறந்தா... சில்லுன்னு கிடந்தா. எந்த ரோட்டுல உசுரு போச்சுன்னுகூட மனுஷனுக்குத் தெரியாது.

அப்புறம் வண்டி வாசல்லயே நின்னுச்சு. உள்ள இருந்த தைல வாசனை மட்டும் போகவே இல்ல. இவர் தூங்காம ஜன்னல் வழியா அதையே பாத்துட்டு உக்காந்திருப்பார். மக பாத்துப் பாத்துத் தாங்காம, வித்துடுங்கப்பான்னு கெஞ்சி ஆளும் பிடிச்சுட்டா. காலையில அந்தாளு ஊருக்கே ஓட்டிட்டுப் போய் ஒப்படைக்கணும். அதான் அந்த ராத்திரி...

டப்புனு ஒரு சத்தம். கேரவன் ஒரு பக்கமா சாஞ்சுது. கருகின ரப்பர் நாத்தம். இறங்கிப் போனார். கைப்பழக்கம் பாருங்க... யோசிக்காம சுவத்துல ரெண்டு தட்டு தட்டிட்டார்.

உள்ள கட்டில் கிறீச்சுன்னுச்சு.

கதவு திறந்துச்சு. இரும்புப் படி அமுங்கி எழுந்துச்சு, ஆள் கால் வெச்சா அமுங்குமே, அப்படி. அப்புறம் அந்தத் தைல வாசனை.

அவர் திரும்பல. திரும்பினா போயிடுவாளோன்னு. குனிஞ்சபடியே ஒவ்வொரு நட்டாக் கழட்டி, தோளுக்குப் பின்னாடி நீட்டினார். ஒரு கை வாங்கிக்கிச்சு. ஜில்லுன்னு. டார்ச் வெளிச்சம் ஆடாம நின்னுச்சு. இவருக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது, சக்கரமே தெரியல.

"கை நடுங்குது உங்களுக்கு. மெதுவாப் பண்ணுங்க."

அவ்வளவுதான் பேசினா.

ஸ்டெப்னியை மாட்டினார். நட்டு ஒண்ணொண்ணா திரும்பி வந்துச்சு, அஞ்சை முடுக்கியாச்சு. ஆறாவதுக்குக் கையைப் பின்னாடி நீட்டுறார்... எதிர்ல ஒரு லாரி. ஹாரன் காதைக் கிழிச்சுது. அந்த வெளிச்சத்துல கேரவன் சுவத்துல நிழல் விழுந்துச்சு. இவரோட நிழல் மட்டும்... வெறும் காத்துல கையை நீட்டிக்கிட்டு.

அப்பத்தான் மனுஷனுக்கு அவ செத்தவன்னு உறைச்சுது. ஜாக்கியை இறக்கி, கேரவன் கதவை அறைஞ்சு சாத்திட்டு, கார்ல பாஞ்சு ஏறி ஓட்டுனார் பாருங்க, திரும்பியே பாக்கல.

விடிஞ்சு, வாங்குறவர் வீட்டு வாசல். அந்தாளு சக்கரத்தைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னான், "பெரியவரே, இதுல ஒரு நட்டு இல்லயே."

இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கட்டில் இருக்கு, தலைகாணி இருக்கு. தைல வாசனை இல்ல.

ஏறிக்கோன்னு சொல்லாம வந்துட்டார்.

விக்கலன்னுட்டு வண்டியை அங்கயே திருப்பினார். ரோடு நெடுக ஒரே மாதிரி பொட்டல், எதைன்னு அடையாளம் சொல்றது? ரெண்டாவது தடவையும் அவளை எங்க விட்டோம்னு அவருக்குத் தெரியல. இன்னிக்கும் இருட்டினா கேரவனை மாட்டிட்டுக் கிளம்பிடுறாராம். மக அழுதும் கேக்கல. அங்கங்க நிறுத்தி, கதவைத் திறந்து வெச்சு, "ஏறிக்கோம்மா, ஏறிக்கோ"ன்னு கூப்பிடுறாராம். படி அமுங்கவே இல்லயாம்.

ஆனா அந்த வழியாப் போற லாரிக்காரங்க ஒண்ணு சொல்றாங்க... டார்ச்சோட ஒரு அம்மா ஓரமா நிக்குமாம். பாவப்பட்டு நிறுத்தினா ஏறாதாம். உள்ளங்கையை மட்டும் விரிச்சுக் காட்டுமாம்.

ஒரே ஒரு நட்டு.