கீழே ஒரு முழம்

மதுரைக்காரர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது, ஐயா. மார்கழியில் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்துவிட்டு, மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் எங்களுடையது. எங்கள் பேச்சில் குளிர்ச்சி என்பதே நல்ல வார்த்தை. நல்ல சேதி கேட்டால் மனம் குளிரும், பெற்ற பிள்ளையைப் பார்த்தால் கண் குளிரும். குளிர் ஆளைக் கொல்லும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முப்பத்தொரு வருஷம் பாடுபட்டிருக்கிறேன்.

என் பெயர் யேசுதாஸ், வயது அறுபத்து மூன்று. அரசரடி முகவரி உங்கள் கோப்பில் இருக்கிறது. மிஷன் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியராகவும் சாரணர் ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஜனவரி தோறும் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு மேலே அழைத்துப் போய், கூடாரம் இல்லாமல், கம்பையும் சருகையும் மட்டும் வைத்துக் குடில் கட்டிப் படுக்கச் சொல்லிக்கொடுப்பேன். போன ஜனவரியில் அப்படி ஒரு குடிலில் இறந்துபோன மெர்வின் என் மருமகன். அதை விபத்து என்று நீங்கள் எழுதி முடித்தீர்கள். அன்று ஸ்டேஷனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மனசத் தேத்திக்கங்க சார்" என்று சொன்னதும் நீங்கள்தான். அதனால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் குடிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. இடுப்பு உயரத்தில் ஒரு கவட்டை. நீளமான கம்பின் ஒரு முனையை அதில் வைத்து, மறுமுனையைத் தரையில் ஊன்ற வேண்டும். இரண்டு பக்கமும் குச்சிகளைச் சாய்த்து, அதன்மேல் காய்ந்த புல்லையும் சருகையும் குவிக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள் புரண்டு படுக்கிற இடம் போதும். அங்கே உங்கள் உடம்புதான் அடுப்பு. அறை பெரிதானால் அந்த அடுப்பு பத்தாது. கூரையைவிட முக்கியம் படுக்கை. காற்றைக்கூடத் தடுத்துவிடலாம், வெறும் மண் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் உடம்புக்கு அடியிலும் சருகு பரப்ப வேண்டும். "மேல ஒரு முழம், கீழ ஒரு முழம்" என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பேன். என் மகள் ஜாய்ஸ் பத்து வயதில் முகாமுக்கு வந்தபோது தன் கையால் அளந்து பார்த்துவிட்டு, "என் முழம் சின்னதுப்பா, நான் ரெண்டு முழம் போடுறேன்" என்றாள். எதையும் குறைத்துச் செய்யத் தெரியாத பிள்ளை அவள்.

என் மனைவி ஜோசபின் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதன்பிறகு எனக்கு ஜாய்ஸ்தான் எல்லாம். நர்ஸ் வேலை பார்க்கிறாள். டியூட்டி முடிந்து அவள் ஸ்கூட்டி கேட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் சோறு போட்டுக்கொள்வேன். கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மெர்வின் ஒப்புக்கொண்டான். வீட்டோடு மாப்பிள்ளை என்று கூட்டாளிகள் கேலி பேசியதையும் சிரித்தே சமாளித்தான். அவன் நல்ல பையன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எனக்குப் புழுக்கம் ஆகாது. சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனபோது, என் பழைய பரீட்சை அட்டையை எடுத்து ஒரு மணி நேரம் எனக்கு விசிறிவிட்டான். கை வலிக்கும், போதும் என்றேன். "இருக்கட்டும் மாமா, நீங்க கண்ண மூடுங்க" என்றான்.

அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. நவம்பரில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்கள். மார்ச்சில் இருவரும் போவதாக ஏற்பாடு. "அங்க மைனஸ் முப்பதாம் மாமா. நமக்குக் குளிருன்னா ஏசிய பதினெட்டுல வைக்கிறதுதான். நீங்கதான் எனக்கு ட்ரெயினிங் குடுக்கணும்" என்றான். ஜாய்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். கை கழுவ எழுந்தபோதுதான் என் தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்ததைக் கண்டேன். ஒரு வருஷத்தில் என்னையும் அழைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜோசபினின் கல்லறை இங்கே இருக்கிறது, நான் எங்கே வர என்றேன். அது உண்மைதான். மகள் தானாகவே போகாமல் இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததும் உண்மை.

அவனைப் பயமுறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி நடுங்கினால், வேண்டாம் மாமா, நம்ம ஊரே போதும் என்று அவனே சொல்லிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை இருவரும் காரில் மேலே போனோம். ஜாய்ஸுக்கு டியூட்டி. வழக்கமாக முகாம் போடும் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் பார்த்தோம். தோட்டக் காவல்காரர் வீரணன் வீடு கீழே கால் மணி நேர நடை. கனடாவுக்கென்று வாங்கிய தடித்த ஜாக்கெட்டை மெர்வின் போட்டிருந்தான். "அதப் போட்டா பாடம் ஏது மாப்ள, கார்லயே வச்சிருங்க" என்றேன். கழற்றி மடித்து வைத்தான்.

குடில் கட்டும்போது வேர்க்கக் கூடாது என்பது என் முதல் பாடம். வேர்வையில் நனைந்த பனியன் ராத்திரியில் ஐஸாகிவிடும். மெர்வின் உற்சாகமாக ஓடி ஓடிக் கம்பு சுமந்தான், சட்டை முழுக்க நனைந்தது. நான் கவட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சின்னதாக நான் போட்ட அளவைப் பார்த்து, "இம்புட்டுக்காண்டு இருந்தா மூச்சு முட்டாதா மாமா? கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டுமே" என்று கேட்டான். நம் ஊர்க்காரன் வேறு எப்படிக் கேட்பான்? "உங்க இஷ்டம் மாப்ள" என்றேன். காற்று வருகிற பக்கம் பார்த்து வாசல் வைத்தான், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற அளவுக்கு அறை வைத்தான். வேலை முடிந்ததும் உள்ளே போய் வெறுந்தரையில் மல்லாந்து, "தரை குளுகுளுன்னு இருக்கு மாமா" என்றான். கோடையில் தரையைத் துடைத்துவிட்டுப் பாயில்லாமல் படுக்கிறவர்கள் நாம். நான் ஒரு ஜமுக்காளம் கொடுத்தேன், விரித்துக்கொண்டான்.

இருட்டியதும் பையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குவார்ட்டர் பிராந்தியை எடுத்தான். "தப்பா நினைக்காதீங்க மாமா, குளிருக்குத்தான்." குளிரில் மது குடித்தால் தோல் சூடாகும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். வகுப்பில் இதற்குப் படமே போட்டிருக்கிறேன். "கொஞ்சம் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது" என்றேன். மாமனார் அனுமதித்துவிட்டார் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு அவனுக்குப் பல் கிட்ட ஆரம்பித்தது. இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். நடுங்கிக்கொண்டே சிரித்தான். "இதத் தாங்கிட்டேன்னா கனடாவத் தாங்கிருவேன் மாமா. ஜாய்ஸுகிட்டச் சொல்லுங்க, உன் புருசன் பாஸாயிட்டான்னு." நான் எனக்கென்று தனியாகக் கட்டியிருந்த குடிலுக்குப் போய்ப் படுத்தேன். என்னுடையது சின்னது.

காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன், மூச்சு இல்லை, வீரணன் வீட்டுக்கு ஓடினேன் என்று உங்களிடம் சொன்னேன். அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அன்று புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடந்ததையும் எழுதிக்கொண்டீர்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜாய்ஸ் பிடிவாதம் பிடித்தாள். அவன் குடில் அப்படியே நின்றது. வாசலில் மண்டியிட்டு உள்ளே கையை விட்டுத் துழாவினாள். கை வெறும் மண்ணோடு வெளியே வந்தது. அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ சருகு எங்கப்பா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. போலீஸ் கேட்காத, டாக்டர் கேட்காத கேள்வி அது. அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆளை நானே வளர்த்திருந்தேன்.

"மறந்துட்டேன்மா" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு என்னமோ ஆகிருச்சுப்பா. இத்தன வருசம் சொல்லிக்குடுத்தது உங்களுக்கு எப்படி மறக்கும்? நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். எல்லாம் என் தப்பு." மண் ஒட்டிய அந்தக் கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் மார்ச்சில் போகமாட்டாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் என்னை மூளை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். இது என்ன மாசம் என்று கேட்டார். ஜூலை என்றேன். கடிகாரம் வரையச் சொன்னார். எண்களையெல்லாம் ஒரே பக்கம் நெருக்கி எழுதினேன். முப்பதுக்குப் பதினேழு போட்டார். என் வாழ்நாளில் நான் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண் அதுதான். வீடு முழுக்க ஜாய்ஸ் சீட்டு ஒட்டினாள். கேஸை அணைக்கவும். குழாயை மூடவும். மாத்திரை நீலம் காலை, வெள்ளை இரவு. வாரம் ஒருமுறை குழாயைத் திறந்துவிட்டு வருவேன். அவள் வந்து மூடுவாள். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய விஷயங்களை எனக்கு ஞாபகப்படுத்துவாள். மெர்வினைப் பற்றியும் சொல்வாள், எனக்கு அவன் மறந்துவிடக் கூடாதாம்.

மே மாதம் நாற்பத்தொரு டிகிரி வெயில். ஒரு மத்தியானம் எழுந்து வந்து பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவனுடைய அந்தக் கனடா ஜாக்கெட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. என்னம்மா இது என்றேன்.

"குளிருதுப்பா" என்றாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. ஆகவே விடுபட்டதை எழுதிவிடுகிறேன்.

நான் எழுந்தது ஆறு மணிக்கு இல்லை, நாலரைக்கு. டார்ச் அடித்துப் பார்த்தபோது மெர்வினின் நடுக்கம் நின்றிருந்தது. நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி இல்லை, பிள்ளைகளுக்கு அதையும் சொல்லித் தந்திருக்கிறேன். வீரணன் வீட்டில் அடுப்பு இருந்தது, கம்பளி இருந்தது. காரில் ஜாக்கெட் இருந்தது. என் குடிலில் கீழே ஒரு முழம் சருகு இருந்தது, அதில் அவனை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் படுத்திருந்தால்கூடப் போதும். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான், விரல் மடங்கவில்லை. உடம்பு முற்றிலும் குளிர்ந்துபோகிற கட்டத்தில் சிலருக்கு வேகிற மாதிரி இருக்கும், உடுப்பைக் களைவார்கள். அதற்குப்பின் அதிக நேரம் இல்லை.

"புழுக்கமா இருக்கு மாமா" என்றான். குழறலாகத்தான் வந்தது, ஆனால் எனக்குப் புரிந்தது.

மதுரைக்காரன் காதில் அந்த வார்த்தை விழுந்தால் கை தானாக விசிறியைத் தேடும். இத்தனை நாளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கை தானாகப் போகவில்லை. "கழட்டிருங்க மாப்ள" என்று சொல்லி, பொத்தான்களை நான்தான் கழற்றினேன். குறிப்பெழுதக் கொண்டுபோயிருந்த பரீட்சை அட்டையை எடுத்து அவனுக்கு விசிறினேன். "போதும் மாமா, கை வலிக்கும்" என்றான். இருக்கட்டும், கண்ணை மூடுங்கள் என்றேன். மூடினான். விடிகிறவரை விசிறினேன். அழுதுகொண்டேதான் விசிறினேன், அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மெர்வினைக் கொன்றது நான்தான். மறதி இல்லை, விபத்தும் இல்லை. சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை எழுதிக் கையெழுத்திடுகிறேன். மனசாட்சி உறுத்தியதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

இரண்டு சின்ன வேண்டுகோள். விசிறிய விஷயம் ஜாய்ஸுக்குத் தெரிய வேண்டாம். சருகு போட மறந்த குற்றத்துக்காகத்தான் பிடித்திருக்கிறோம் என்று சொன்னால் அவள் நம்புவாள். இன்னொன்று, என்னை மதுரை மத்திய சிறையிலேயே வைக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரம். வாராவாரம் மனுப்போட்டுப் பார்க்க அவளுக்கு வசதியாக இருக்கும். போன வாரம் பரவை பக்கம் மறதி உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் எனக்கு இடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கனடா ஆஸ்பத்திரி ஒன்று அவளையே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "அவரு ஆசப்பட்ட ஊருப்பா, ஒரு தடவ பாத்துட்டு வாரேன்" என்கிறாள். அப்பா ஜெயிலில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போகிற பெண் இல்லை அவள்.

டிக்கெட் நவம்பர் பதினெட்டாம் தேதிக்குப் போட்டிருக்கிறாள். அதற்குள் என்னைக் கைது செய்துவிட்டால் உதவியாக இருக்கும்.